இடப்பக்கம் கிளியர்

நாற்பது வயதைத் தாண்டிய பொம்பளை கார் ஓட்டப் பழகினால் தோட்டத்தில் எல்லோருக்கும் வாய் அரிக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் என்னோடு பேக்கிங் வேலை செய்கிறவர்கள் வந்ததும் வராததுமாக, "என்னாக்கா, இன்னிக்கி எந்த மரத்த இடிச்சீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். "மரத்த விட்டாச்சிலா, அடுத்தது ஒன் வீட்டு வாசல்தான்" என்பேன். வாய்க்கு வாய் கொடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் கண்ணாடியில் புது டிரைவர்களுக்கான பி ஸ்டிக்கரை ஒட்டிய அன்று மட்டும் எனக்குப் பேச்சே வரவில்லை. அவ்வளவு பயமாக இருந்தது.

ஆசைக்கு எடுத்த லைசென்ஸ் இல்லை அது. என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி, சர்க்கரை. அதில் இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் லேசர் வைக்க நாள் கொடுத்தார்கள். கூட்டிப்போகிறேன் என்று சொன்ன லோரிக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்ததால் அந்த நாள் தவறிப்போனது. மறுபடி நாள் குறித்துக் கொடுத்த டாக்டரம்மா, இதையும் விட்டால் அந்தக் கண்ணையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இனி எவனையும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்றுதான் நான் போய் வண்டி பழகினேன்.

அவர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டியவர். லோரியில் இடப்பக்கம் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல்லும் ஆளை இங்கே கெலிண்டான் என்போம். வளைவில் எதிரே வண்டி வருகிறதா, ஓரத்தில் பள்ளம் இருக்கிறதா, பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நுழைகிறதா, எல்லாம் அந்த ஆளின் பொறுப்பு. கெலிண்டான் "கிளியர்" என்றால் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுவார். எங்கள் மலை லோரிக்காரர்கள் இப்படித்தான் காலமெல்லாம் ஓட்டுகிறார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு எனக்கு மலை ரோட்டைப் பழக்கியதும் அவர்தான். என் இடப்பக்கம் கெலிண்டானாக உட்கார்ந்துகொள்வார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தந்த மாதிரி நான் இடது கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "கண்ணாடியில என்னா இருக்கு? நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்? நீ ரோட்டப் பாரு" என்பார். கேட்டுக் கேட்டு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன். அந்தப் பக்கத்துக்கு அவர் குரல் இருந்தது.

மலை ரோட்டில் எனக்குப் பெரிய பயமில்லை. வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, இரண்டாவது கியரில் ஊர்ந்து, மூட்டம் இறங்கினால் ஓரமாக நின்று போகலாம். ஹைவேதான் பயம். அங்கே நிற்கவே கூடாது. நம் இஷ்டத்துக்கு மெதுவாகவும் போக முடியாது. பின்னால் வருகிறவனின் வேகம்தான் நம் வேகம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் டாங்கி லோரிகளுக்கு நடுவே சின்னக் கார்கள் நசுங்கிவிடப்போவது போல ஓடும். அதில் ஒன்றை நான் ஓட்டப்போகிறேன் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அதனால் சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவதென்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அது நேராக ஈப்போவின் வாசலில் கொண்டுபோய் விடும், ஹைவேயில் ஏறத் தேவையில்லை. முதல் நாள் பெய்த பேய்மழையில் அந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டார்கள். மலையடியில் இருக்கும் தாப்பாவில் இறங்கிப் பழைய ரோட்டில் போகலாமே என்று கெஞ்சினேன். "பழைய ரோட்ல ஊரூரா லைட்ல நின்னு நின்னு போனா, டாக்டரம்மா வீட்டுக்குப் போன பொறவுதான் போய்ச் சேருவ. ஹைவேதான்" என்று சொல்லிவிட்டார்.

விடிந்ததும் கிளம்பினோம். ரிங்லெட் தாண்டியதும் மலைச்சரிவில் அங்கங்கே சிவப்பு மண் பிளந்து கிடந்தது. ஓர் இடத்தில் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, கொப்புகள் ரோட்டின் மேல் தொங்கின. குளிர் எலும்பைக் குத்தியது. ஆனாலும் அவர் இரண்டு பக்க ஜன்னலையும் இறக்கச் சொன்னார். "ஏங்க, வெறச்சிப் போவுதுங்க" என்றேன். "எறக்கினா எறக்கு" என்றார். ஒவ்வொரு வளைவிலும் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து, "கிளியர், எடு" என்றார். ஒரு தடவை, "நில்லு, லோரி வருது" என்றார். நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வளைவிலிருந்து மூங்கில் லோரி ஒன்று தலையை நீட்டியது. எப்பேர்ப்பட்ட டிரைவர் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாதி மலையில் ரோட்டோரம் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. லோரிக்காரர்கள் ஹோன் அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் அதைத் தாண்டமாட்டார்கள். நான் ஹோன் அடித்தேன். அவர் கும்பிடவில்லை. கோயிலைத் தாண்டி இரண்டு வளைவு போன பிறகு, "சாமிக்கு அடிச்சியா?" என்று கேட்டார். ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசுக்கு என்னவோ போல இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

தாப்பாவில் டோல் சாவடியைத் தாண்டி ஹைவேயில் ஏறினோம். கார் வேகம் எடுத்ததும் காற்று உள்ளே புகுந்து காதைக் கிழித்தது. அந்த இரைச்சலைத் தாங்க முடியவில்லை. பட்டனை அழுத்தி எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டேன். "ஏத்தாத, தொற" என்று அவர் கத்தினார். "எனக்கு மண்ட வெடிக்கிதுங்க, சும்மா இருங்க" என்று நானும் கத்தினேன். அவர் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என் ஓட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ரோட்டின் நடுவே வெடித்த டயரின் துண்டுகள் செத்த பாம்பு போலக் கிடந்தன. முன்னால் ஒரு சிமெண்ட் லோரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஈப்போ வரை போய்விடுவேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் என் பின்னால் இன்னொரு லோரி வந்து முட்டுகிற மாதிரி நின்றது. வேறு வழியில்லாமல் வலது பக்கம் எடுத்து சிமெண்ட் லோரியைத் தாண்டினேன். தாண்டிய அடுத்த நிமிஷமே ஒரு பெரிய கார் என் முதுகில் ஏறிக்கொண்டு லைட்டை அடி அடி என்று அடித்தது. திரும்ப இடது பக்கம் போக வேண்டும், உடனே போக வேண்டும்.

"கிளியரா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தாமதித்தார். "கிளியரா சொல்லுங்க!" என்று அலறினேன்.

"கிளியர். எடு" என்றார்.

எடுத்தேன். இடப்பக்க ஜன்னலில் படாரென்று ஓர் அறை விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்துக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் உள்ளங்கையால் எங்கள் ஜன்னலை அறைந்து கத்திக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கை வெட்டினேன். மோட்டார் தள்ளாடி ஓரப் பாதைக்குள் போய், விழப்போய், நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெண் தூரத்தில் மறைகிற வரை திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்னா சத்தம் அது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அவசரப் பாதையில் வண்டியை நிறுத்தினேன். ஒவ்வொரு லோரி தாண்டும்போதும் கார் ஆடியது. என் கையை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். அவர் கண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, அசையவில்லை.

"எப்பலேர்ந்துங்க?" என்றேன்.

"நாலஞ்சி நாளாச்சி" என்றார். "வெளிச்சம் தெரியுது. மத்ததெல்லாம் ஒரே செவப்பு."

"அப்ப மலையில?"

"மலையில காதாலயே சொல்லிருவேன்லா. எந்த வளைவுல என்னா சத்தம் எப்புடி வரும்னு தெரியும். இங்க நீ ஜன்னல ஏத்திட்ட."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். ரெண்டு உயிரைக் கொன்றிருப்போமே, நாமும் செத்திருப்போமே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "சொல்லியிருந்தா நீ மலைய விட்டு வண்டிய எறக்கிருப்பியா?" என்றார்.

இறக்கியிருக்கமாட்டேன். அதுதான் என்னை இன்னும் அழவைத்தது. அவர் குரல் இல்லாமல் நான் ரிங்லெட்டைக்கூடத் தாண்டியிருக்கமாட்டேன். யார் கையையாவது காலையாவது பிடித்து, இன்னொரு லோரிக்காரருக்காகக் காத்திருந்து, இந்த நாளையும் தவறவிட்டிருப்பேன். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு இடது கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தேன். வலது கண்ணாடியையும் சரி செய்தேன். பின்னால் வண்டிகள் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தன. ஓர் இடைவெளி கிடைக்கிற வரை கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரையும் கேட்காமல் ரோட்டில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டதில்லை. டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். உள்ளே ரத்தம் நிறைந்துவிட்டது, இனி லேசர் பிடிக்காது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அடுத்த வாரமே வர வேண்டும், அதற்குப் பிறகும் அடிக்கடி வர வேண்டும். யார் கூட்டி வருவார்கள் என்று கேட்டார். "நான்தான்" என்றேன்.

திரும்பும்போது டோலைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் எவ்வளவு வேகமாக ஆடியும் ரோடு தெளியவில்லை. முன்னால் ஒரு லோரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. பின்னால் இன்னொன்று என் கார் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் வண்டிகள் சீறிக்கொண்டு தாண்டின. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரோடு எப்புடி இருக்கு?" என்று கேட்டார்.

"காலியா இருக்குங்க. ஒரு வண்டியும் இல்ல. நீங்க தூங்குங்க" என்றேன்.

எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சீட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.