ஐந்தாம் படிவம் என்று சொன்னவள்

சசிரேகா பல்கலைக்கழகத்தில் படித்தது மானிடவியல். மனிதர்கள் ஏன் இப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று கேட்கிற படிப்பு. முடித்துவிட்டு, ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பினாள். அம்மா நவமணி, மகள் பட்டமளிப்பு உடையில் நிற்கும் படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, எல்லாவற்றுக்கும் போட்டதுபோல் அதற்கும் ஒரு பூச்சரம் போட்டாள்.

அடுத்த வீட்டுக் காளியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன் நவமணி, புள்ள கல்லு மாதிரி நிக்குது, அதுக்குள்ள மாலை போட்டுட்டியே."

பூச்சரம் அப்போதே இறங்கியது.

வேலை மட்டும் கிடைக்கவில்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறிப் போய்வந்தாள். மாண்டரின் பேசுவாயா, ஓட்டிவரச் சொந்தக் காடி இருக்கிறதா, ரெண்டு வருஷ அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். அனுபவம் இல்லாதவர் அதைத் தேடி எங்கே போவது என்று ஓரிடத்தில் திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வி என்றார்கள். பிறகு கூப்பிடவில்லை. இல்லாத ஒன்றை மட்டும் எல்லாரும் சரியாகத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்களே, எப்படி என்ற யோசனையில், வருத்தப்படக்கூட அவளுக்குச் சில நாள் மறந்துபோனது.

அப்பா நாகப்பனுக்கு ஆண்டு முடிவில் வேலை ஓய்வு. லயத்து வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் அதில் குடியிருக்கலாம். இல்லாவிட்டால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். போவதற்கு வேறு வீடு கிடையாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை ஒன்று காலியாக இருந்தது. சசிரேகா ஆபீசுக்குப் போனாள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டபோது, "ஐந்தாம் படிவம்" என்றாள். பொய்யில்லை, பள்ளி இறுதி வகுப்பான அதையும் அவள் படித்துத்தான் இருந்தாள். தீபாவளி கழித்து வரச் சொன்னார்கள். வீட்டில் இதை அவள் சொல்லவில்லை.

தீபாவளிக் காலையில் மேனேஜர் மகேஸ்வரனைப் பார்க்கப் பலகாரத்தோடு பங்களாவுக்குப் போவது அந்தத் தோட்டத்து வழக்கம். அவரும் தமிழர்தான், ஆனாலும் பழைய ஆட்களுக்கு அவர் துரைதான். நாகப்பன் ஒரு டின் முறுக்கோடு போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"துரைகிட்ட உன்னைப் பத்திப் பேசிட்டேன். நீ கிராணி வேலைக்குக் கேட்டிருக்கறதா ஆபீஸ்ல சொன்னாங்க, அதான் டிகிரி முடிச்ச புள்ளன்னு எடுத்துச் சொல்லிட்டேன் லா. நீ ஒண்ணும் கவலைப்படாத."

சசிரேகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது வேறு: ஒரே செய்தி இவருக்குப் பெருமையாகவும் ஆபீஸ் மேசைக்குப் பின்னால் குற்றமாகவும் எப்படி ஆகிறது?

தீபாவளி லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்றே அவளைக் கூப்பிட ஆள் வந்தது.

"ஐந்தாம் படிவம்னு சொன்னியாமே. ஏம்மா மறைச்ச?" என்றார் மகேஸ்வரன்.

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா சார்?"

"மாட்டேன். போன வருஷம் ஒரு பட்டதாரிப் பையனைக் கிராணியா வச்சேன். பழக்கி முடிக்கறதுக்குள்ள சிங்கப்பூர் போயிட்டான். நீ இருப்பியா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் போதும். அது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

"நல்ல வேலை வந்தா போயிடுவேன் சார்."

"அப்போ கிராணி வேலை உனக்கு இல்ல."

"எங்க வீடு?"

"கொழுந்து வெட்டற மெஷினுக்கு ஆள் பத்தல. உங்கப்பாவோட மெஷின் பிடிச்ச ஜோடி வங்காளதேசத்துக்கே திரும்பிட்டான். வர்றியா?" இல்லை என்ற பதில் ஏற்கெனவே காதில் விழுந்துவிட்டவர்போலக் கேட்டார்.

"அதுல பாதியில போனாப் பரவாயில்லையா?"

"அதுல எல்லாரும்தான் பாதியில போறாங்க."

"பேர் இருக்கற வரைக்கும் வீடு இருக்குமா?"

"இருக்கும்."

"வர்றேன் சார்."

இதைத் தியாகம் என்று சொல்வதற்கில்லை. பெற்றவர்களுக்குக் கூரை வேண்டும், வேலை தேட அவளுக்கு நாள் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. நாகப்பன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "மெஷின் பிடிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். அதன்பின் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆனால் அந்த மெஷினை ஒருவரால் பிடிக்க முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பிளேடு செடியின் தலையை ஒட்டி ஓடும், வெட்டிய கொழுந்து பின்னால் பையில் விழும். ஒருவர் கால் முந்தினாலும் வெட்டு கோணும். பேசாமல் அந்தச் சரிவில் ஒரு வரிசையைக்கூட முடிக்க முடியாது. நாகப்பன் பொறுத்துப் பார்த்தார்.

"தாழ்த்திப் பிடி," என்றார் கடைசியில். "ஓடாத. என் காலைப் பாத்து வை."

வரிசை முடிந்ததும் பையை மாற்ற மெஷினை அணைத்தார்கள். கீழே அணைக்கட்டு ஏரி மண்நிறமாகக் கிடந்தது.

"அப்பா, அன்னிக்குத் துரைகிட்ட என்னதான் சொன்னீங்க?"

"நாலு வார்த்தை பெருமையாச் சொன்னேன்."

"அந்த நாலு வார்த்தை என்ன?"

நாகப்பன் பையின் வாயைக் கட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார். "எம்மக மனுசங்களப் பத்திப் படிச்சவ, வேலைக்கு வச்சீங்கன்னா உங்களையும் படிச்சிடுவான்னு சொன்னேன்."

சசிரேகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வரிசையில் மெஷின் ஓடத் தொடங்கியபோதும் அது அடங்கவில்லை. அவள் பக்கம் பிளேடு ஆழமாக இறங்கி, இலையோடு குச்சியும் சேர்ந்து வந்தது.

"சிரிச்சது போதும்," என்றார் நாகப்பன். "செடியைப் பாரு."