மதிப்புக்காரருக்கு வெற்றிலை இல்லை

அப்பா மதிப்புக்காரர். வழக்கில் உள்ள காணிகளைப் போய்ப் பார்த்து, என்ன விலை பெறும் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லுகிறவர். முன்பெல்லாம் மதிப்புக்காரர்கள் காணிக்காரர் வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டே விலை சொல்லுவார்கள். சோற்றோடு நல்ல கொடுவா மீன் இருந்தால், அந்த விலை வீட்டுக்காரரின் மனதுக்கு ஒத்ததாகவும் இருக்கும். அப்பாவும் அப்படித்தான். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. சாப்பிடாமல் போனால்தான் குற்றம்.

பிறகு அரசாங்கக் கச்சேரியிலிருந்து புதிய கட்டளை வந்தது. மதிப்புக்காரர் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும், சத்தியம் செய்ய வேண்டும், சொந்தமாக அளவுச் சங்கிலி வைத்திருக்க வேண்டும், விலையைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரத்துக்கும் சங்கிலிக்குமாக எங்கள் பால் எருமை விலைக்குப் போனது. மறுநாள் அம்மா தயிர் இல்லாத சோற்றை அப்பாவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் சங்கிலியையும் வைத்தார்.

"இஞ்சேருங்க, இதையும் போட்டுப் பிசையுங்க."

கட்டளை ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நான் வாசித்துச் சொன்னது சரிதானா என்று பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வழக்காளிகளில் எவரிடமிருந்தும் பணமோ பொருளோ உபசாரமோ பெறக்கூடாது என்ற இடத்தில் அப்பா என்னை நிறுத்தினார்.

"வெத்திலையும் உபசாரமா மகள்?"

"ஓம் அப்பா."

"தண்ணி?"

நான் யோசித்தேன். "அதுவும்தான்."

அப்பா ஒரு சோடாப் போத்தலைக் கழுவி வெயிலில் காயவைத்தார்.

முதல் வழக்கு வாவிக்கு அக்கரையில் வந்தது. ஒரு தென்னந்தோட்டத்தை ஓர் அக்காவும் தம்பியும் பிரிக்கக் கேட்டிருந்தார்கள். அந்த அக்காவின் மகனுக்குத்தான் எங்கள் அக்காவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரரின் காணியை மதிக்கக்கூடாது என்றும் கட்டளையில் இருந்தது. கலியாணம் இன்னும் நிச்சயமாகவில்லை, ஆகவே அவர்கள் சொந்தமில்லை என்று அப்பா முடிவு செய்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அதனால் எழுதுவதற்கு நானும் தோணியில் போனேன். மாப்பிள்ளையின் தாயை நாங்கள் மாமி என்போம். மாமி பாய் விரித்து, புளி போட்டு மினுக்கிய வெற்றிலைத் தட்டான வட்டாவை அப்பாவின் முன்னால் நகர்த்தினார். சம்பந்தம் பேசுகிற வீட்டில் வட்டாவைத் தொடாவிட்டால், அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

"போடுங்க அண்ணன்."

"வேணாம் தங்கச்சி. இண்டைக்கு ஏலா."

"பல்லு நோவா?"

"இல்ல. கட்டளை."

"ஆருட கட்டளை? வீட்டில மச்சாள்ரயா?"

"கச்சேரிட."

அப்பா போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மாமி போத்தலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து, "எங்கட கிணத்துத் தண்ணியும் இவருக்கு ஏலாதாம்" என்றார்.

வட்டா திரும்பிப் போனதை மாமியின் தம்பி வேலியால் பார்த்துவிட்டார். நாங்கள் அவருடைய பக்கத்தை அளக்கப் போனபோது இளநீர் வெட்டி வைத்திருந்தார்.

"அவட வெத்திலையில என்ன கிடக்கு? இதக் குடிங்க அண்ணன்."

"வேணாம் தம்பி" என்று அப்பா போத்தலை எடுத்தார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. மூடித் திரும்பவும் வைத்தார்.

அடுத்த நாள் காலையில் மாமியின் ஆள் வந்தார். வெற்றிலை ஏலாதவர்களின் பெண்ணும் தங்களுக்கு ஏலாது என்றார்.

"வழக்கத் திருப்பிக் குடுங்க" என்றார் அம்மா.

"சத்தியம் செஞ்சாச்சு" என்றார் அப்பா.

அக்கா அன்று முழுவதும் நெல் குற்றினாள். அவ்வளவு நெல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நான் மதிப்பறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது உலக்கையோடு வந்து நின்றாள்.

"அப்பா என்ன எவ்வளவுக்கு மதிச்சிரிக்கார்? அதையும் எழுதன்."

அதற்கு அறிக்கையில் இடம் இல்லை. கட்டளையை மறுபடியும் வாசித்தேன். வெற்றிலைக்கு விலக்கு எங்கும் இல்லை. இன்று வாசித்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

எங்களைக் காப்பாற்றியது மாமியின் தம்பிதான். அவருக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை. தோணித்துறையில் கண்டவரிடமெல்லாம், "இளநிய வெட்டி வெச்சிட்டு மறுகா நானே குடிச்சன். மனிசன் தொடவே இல்ல" என்று முறைப்பட்டுத் திரிந்தார். முறைப்பாடு மாமியின் காதுக்கும் போனது; அப்பா தன்னை மட்டும் ஒதுக்கவில்லை என்று மாமிக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளில் மாமியின் ஆள் திரும்பவும் வந்தார். வழக்கு முடியட்டும், பிறகு அப்பா வெற்றிலை போட வரட்டுமாம்.

வழக்கு முடிய அடுத்த அறுவடையும் வந்துவிட்டது. அக்கா அதுவரை அப்பாவோடு கதைக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் நானும் அக்கரைக்குப் போனோம். மாமி வட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வந்திருக்கிறது கச்சேரி ஆளா, பொண்ணுட தகப்பனா?"

"பொண்ணுட தகப்பன்."

"போத்தல் எங்க?"

"தோணிக்குள்ள கிடக்கு."

மாமி வட்டாவை நீட்டினார். அப்பா வெற்றிலை போட்டார். வாய் நிறைந்திருந்த நேரம் பார்த்து, தன் பக்கத்துத் தென்னைகளைக் குறைத்து மதித்துவிட்டார் என்று மாமி சொன்னார். அப்பா மென்றுகொண்டே இருந்தார்.

அக்காவின் கலியாணச் சாப்பாட்டுக்குத் தயிர் விலைக்கு வாங்கினோம். எங்கள் எருமையின் தயிர்தான். ருசித்துப் பார்த்துவிட்டு, முன்பு போல இல்லை என்றார் அம்மா.