ஓடைக்கு அந்தப் பக்கம்

அப்பா குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் பார்த்தார். தெருவில் அவர் பெயரே மீட்டர்தான். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பிறந்தது மலையில். அவருக்கு எட்டு வயதில் வனத்துறை ஊரையே காலிசெய்து கீழே இறக்கிவிட்டது. அந்த மலையின் ஆதிகுடிகள் நாங்கள் என்று எங்கள் ஆட்கள் போட்ட மனு ஐம்பத்தைந்து வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. எல்லையை வரைபடமாகக் கேட்டார்கள். எல்லை தெரிந்தவர்களில் உயிரோடிருந்தது அப்பா மட்டும். நான் நில அளவைப் பொறியாளர்.

“எங்கப்பன் பக்கத்துல என்னைப் புதைக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்” என்பார்.

நேருக்கு நேர் கேட்டால் அவருக்குப் பேச்சு வராது. டிவி ஓட வேண்டும். கண் சீரியலில் இருக்கும், வாய் மலையில் நடக்கும். நடுவில் ஏதாவது கேட்டால் மறுபடி முதல் பாறையிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் எதையும் திருப்பிக் கேட்க மாட்டேன். ‘ம்’ கொட்டிக்கொண்டே செல்போனில் குறித்துக்கொள்வேன்.

“மீட்டரு, அவ போனைப் பார்த்துச் சிரிக்கிறா. உங்க மலை அவ்வளவு தமாஷாவா இருக்கு?” என்றாள் அம்மா.

“எழுதுறா. நீ பேசாம இரு.”

வரைபடத்தை அவரிடம் காட்டினேன். “நீ போட்டா சரியாத்தாம்மா இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். இடுகாடு உள்ளே எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடை வரை எங்களுக்கு என்று தீர்ப்பானது. இனி வேறு நிலம் கோர மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்து மாதத்தில் அப்பா போய்விட்டார். உடலை மேலே கொண்டுபோனோம். ஓடையில் வனக்காவலர் மறித்தார்.

“இடுகாடு அந்தப் பக்கம்தானேப்பா” என்றாள் அம்மா.

“வரைபடத்துல இல்லையேம்மா.”

அம்மா என்னைப் பார்த்தாள். “விளம்பரம் முடிஞ்சதும் சொன்னாரே. எல்லை ஓடையோட நிக்காது, தாண்டி இடுகாடும் நம்மதுதான்னு. நீ ‘ம்’னியே.”

செல்போனைத் திறந்தேன். கடைசிக் குறிப்பு: ‘ஓடை வரை’. மணி 8.14. அலுவலகக் குழுவில் நான் அனுப்பிய சிரிப்பு முகம், 8.15.

மூன்று மணி நேரம் கெஞ்சினோம். காவலர் மேலதிகாரியிடமும் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

இந்தப் பக்கமே குழி வெட்டினார்கள். முதல் வெட்டுக்கு மண்வெட்டியை ஓங்கியபோது அம்மா கேட்டாள்.

“இந்த இடமாவது நம்மதா? பார்த்துச் சொல்லு.”

பார்த்தேன். நம்மதுதான் என்றேன்.