புல்லட்டின் பின் சீட்டு

நம்பாதவன் நம்பாமல் போகட்டும். நானே யார் பேச்சையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் இது என் முதுகில் நடந்தது. 2004 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை.

என் மகன் பென்னி 1988-ல் ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அவனுடைய பழைய புல்லட் மட்டும் சேலையூர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பதினாறு வருஷம் நின்றது. என் மனைவி ஞானம்மாள் படுக்கையில் விழுந்ததும் ஒரே பிடிவாதம். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் பென்னி வந்துவிடுவானாம். எனக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் மெக்கானிக் துரைராஜைக் கூப்பிட்டேன். நல்ல பார்ட்ஸை மாற்றிவிடுவான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா நைனா, போலீசு கணக்கா குந்திகினு கீற? உன் வண்டிய துன்னுடவா போறேன்?"

பதினோராம் நாள் வண்டி உறுமியது. ஞானம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்டியா போ நைனா. பின்னாடி ஸ்பிரிங் செத்துப்போச்சு. ஆள் ஏறினா செயின் கவர்ல ஒரசும்" என்றான் துரைராஜ்.

மேடவாக்கம் தாண்டி ஓட்டினேன். மாலை 6.20. பள்ளிக்கரணை சதுப்பு ஓரம் இன்ஜின் தானாக நின்றது. உதைத்தேன். கிளம்பியது.

கிர்ர்... கிர்ர்...

செயின் உரசியது. துரைராஜைத் திட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு சீட்டைத் தொட்டேன். ஈரம். அன்று மழையே இல்லை.

6.35. வளைவில் நான் சாய்வதற்கு முன்பே வண்டி சாய்ந்தது.

கிர்ர்...

சட்டை முதுகோடு ஒட்டியது. சேற்று நாற்றம்.

தோளில் ஒரு கை...

நான் திரும்பவில்லை.

6.58. வீடு. இறங்கினேன். பின் ஸ்பிரிங் அமுங்கியே இருந்தது. பிறகு... மெல்ல மேலே எழும்பியது.

உள்ளே ஞானம்மாள் சிரிக்கும் சத்தம்.

"வந்துட்டியாடா பென்னி? இன்னாடா இப்டி நனைஞ்சிகினு வந்துகீற?"

என் பிள்ளை செத்துப்போய் வந்திருக்கிறான் என்று வாசலிலேயே அழுதேன். அவள் தன் கஞ்சியைத் தினமும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. காலையில் கிண்ணம் காலியாக இருந்தது.

பத்தாம் நாள் எதிர்வீட்டு யூனிஸ் ஓடிவந்தாள். சூரத்தில் அவள் தம்பி பென்னியைப் பார்த்தானாம். அவள் நீட்டிய போனில் பென்னி. உயிரோடு.

வண்டி எடுத்ததைச் சொன்னேன்.

"எங்கப்பா போன?"

"பள்ளிக்கரணை."

"நான் ஓடிப்போறதுக்கு மொத நாள் ராத்திரி அங்கதான் ஒருத்தன் லிஃப்ட் கேட்டாம்ப்பா. ஏத்திகினேன். வழுக்கி ரெண்டு பேரும் தண்ணில வுழுந்துட்டோம். நான் வண்டிய மட்டும் தூக்கிகினு வந்துட்டேன். கூப்ட்டுகினே இருந்தான். அவன் பேருகூட தெரியாது..."

"நீ வாடா. அம்மா..."

"வரமாட்டேம்ப்பா."

வைத்துவிட்டான்.

வீட்டுக்குள் போனேன். ஞானம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.