ராமர் பச்சையும் மூன்று ஷேடும்

தங்கை மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்போமே, அப்படி.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் செலவு. ஆகவே தேர்வும் அவர்களுடையது. பெண் கூடவே வரலாம், தோளைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா மூவரும் ஆரணிக்கு வந்திருந்தார்கள். எங்கள் தரப்பில் நான், என் தங்கை, அவள் மகள். மகள் வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். கறுப்பு. தரகரிடம் 'மாநிறம்' என்று தங்கை சொல்லியிருந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் கறுப்புக்கு வைத்திருக்கும் பெயர் அது. ஆண்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அவர்கள் கறுப்பாக இருந்தால் 'களையான முகம்'.

கடைக்குள் நுழைந்ததுமே அவள் ஒரு புடவையைப் பார்த்துவிட்டாள். ராமர் பச்சை, அரக்குக் கரை. "பெரியம்மா, அதான்" என்றாள் என் காதில். அடிக்கிற நிறம் எதையும் அவளுக்கு இதுவரை யாரும் வாங்கித் தந்ததில்லை. பள்ளி ஆண்டுவிழா நடனத்தில்கூட நன்றாக ஆடியவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்தினார்கள். இந்தக் கல்யாணத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இந்தப் பச்சை ஒன்றுக்குத்தான்.

எங்கள் ஊர்க் கடைகளில் புடவையை ஆண்கள்தான் தங்கள் மேல் கட்டிக் காட்டுவார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதுக்காரர். பெரிய மீசை, பெல்ட்டைத் தாண்டி வழியும் தொப்பை, தங்கை மகளைவிட இரண்டு மடங்கு கறுப்பு. பேன்ட் சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்து, பச்சை முந்தானையைத் தோளில் வீசி, ஒருக்களித்து நின்றார்.

"அய்ய, இன்னாமா கீது!" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. "அண்ணே, உங்களையே பொண்ணு கேட்டுகினு வந்துடுவாங்க போல."

கடையே சிரித்தது. அதே முந்தானை தங்கை மகளின் தோளுக்கு மாறியது. சிரிப்பு நின்றது.

"உன் கலருக்கு இது எடுக்கலம்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு மீசைக்காரரிடம், "தம்பி, சந்தன கலர் ஒண்ணு எடு. லைட்டா கட்னாதான் பளிச்சுனு இருப்பா."

"இடுப்பையும் கொஞ்சம் கொறைக்கணும் கண்ணு" என்றாள் அக்கா. "நைட்டுல சோறு வாணாம். வெறும் வெள்ளரிக்கா."

மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் அவர் வயிற்றின் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் இரவில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். தங்கை என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, கம்முனு இரு. பேஜார் பண்ணாத."

"எனக்குப் பச்ச பிடிச்சிருக்கு அத்த" என்றாள் பெண்.

"பிடிக்கும்மா. போட்டோல நல்லா இருக்க வாணாமா? மேக்கப்காரிகிட்ட சொல்லிட்டேன். மூணு ஷேடு ஏத்திடறேன்னு சொன்னா. அதுக்கு சந்தனம்தான் மேட்ச்."

வீட்டுக்கு மாடி ஏற்றுவதுபோல முகத்துக்கு மூன்று ஷேடு. கடைச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாகப் பிறந்ததால் அவதிப்படும் பெண்ணின் கதையைச் சீரியலில் விரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு சிவப்புப் பெண்ணைப் பிடித்துவந்து மை பூசுகிறார்கள். கறுப்பாக நடிப்பதற்குக்கூடக் கறுப்புப் பெண் லாயக்கில்லை. சினிமாவில் நாயகன் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், பனிமலையில் கம்பளிக் கோட்டோடு நடக்கலாம். பக்கத்தில் முதுகு தெரிய ஆடும் வெளுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. குளிராவது தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு விசில் அடித்தவர்கள்தான் பிறகு பெண் பார்க்க வருகிறார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ திருமணங்களைப் பதிவு செய்திருக்கிறேன். பெயர், வயது, முகவரி, சாட்சி என்று குடைந்து கேட்கும் படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் கிடையாது. சர்க்கார் கேட்காமல் விட்ட கேள்வியைக் குடும்பங்கள் முதல் கேள்வியாகக் கேட்கின்றன.

"கல்யாணத்தப் பதிவு பண்ணுவீங்க இல்ல?" என்றேன்.

மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. சான்றிதழ் இல்லாமல் மனைவியை அழைத்துப்போக முடியாது. "பின்ன? மறுநாளே ஜல்தியா பண்ணிடணும்" என்றார் அவர் அம்மா.

"அப்ப ஷேடு ஏத்தாதீங்க. கல்யாண போட்டோவும் ஆதார் போட்டோவும் ஒத்துப்போகணும். மூணு ஷேடு வித்தியாசம் இருந்தா வேற பொண்ணுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பறம் அஃபிடவிட், விசாரணைன்னு இழுத்துகினே போவும்."

அலுவலகக் குரலில்தான் சொன்னேன். அந்தக் குரலுக்கு முன்னால் எழுந்து நிற்காதவர்களை நான் பார்த்ததில்லை.

வந்ததிலிருந்து கைப்பேசியை விட்டுத் தலைநிமிராத மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "அம்மா, ரிஸ்க் எடுக்காத. விசா மாட்டிக்கும்."

"அப்ப மேக்கப்பு லேசாதான் போடணுமா?" அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"லேசா போட்டா சந்தன கலரு கறுப்பத் தூக்கிக் காட்டும்மா" என்றாள் அக்கா. "பச்சையே எடுத்துடு. கரையப் பாத்துகினு இருப்பாங்க, மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

அப்படித்தான் பச்சை ஜெயித்தது. பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னபோது கேட்காத காதுகளுக்கு, இல்லாத விதி கேட்டது. ஆமாம், அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. பணிக்காலம் முழுவதும் சட்டத்தில் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடாத நான், அன்று ஒரு சட்டத்தையே இயற்றிவிட்டேன். அதற்காக வெட்கப்படவில்லை. அது எடுபட்ட விதத்துக்காகத்தான் தலைக்குக் குளித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பில் போடப் போனார்கள். அதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார, மீசைக்காரர் பழக்கதோஷத்தில் அந்தப் பச்சையையே மறுபடி தோளில் போட்டு ஒருக்களித்து நின்றார். அவர்கள் கரையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார்கள்.

தங்கை மகள் விடுவிடென்று போய் முந்தானையைப் பிடித்தாள்.

"அண்ணா, கழட்டுங்க. அது என்னுது."