இல்லாத நோய்

ஒருவர் தன் அந்தரங்கத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவரும் சொல்வார் என்று கம்பெனி நடத்திய பேச்சுத்திறன் வகுப்பில் கற்றுத் தந்தார்கள். நோட்டில் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கிரேன் ஓட்டும் அந்தோணிக்கு வலிப்பு இருக்குமோ என்று சந்தேகம். கேட்டால் மறுப்பான். அதனால் டீக்கடையில், "எனக்கு வலிப்பு உண்டுப்பா. வீட்டுல மட்டுந்தான் தெரியும்" என்றேன். சுத்தப் பொய்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குந்தான் அண்ணாச்சி. போன மாசம் ரெண்டு தடவ வந்துட்டு. வேல போயிருமேன்னு சொல்லல."

மறுநாள் காலையில் மேலாளரிடம் அறிக்கை கொடுத்தேன். அவனைக் கிரேனிலிருந்து இறக்கியது சரிதான். அதில் எனக்கு இன்றும் குழப்பமில்லை.

வேலையை விட்டுப் போகிற அன்று வாசல் கேட் பக்கத்தில் என்னை ஓரமாக அழைத்தான். "டீக்கடையில நாம பேசுனத எந்தப் பயலோ கேட்டுப் போட்டுக்குடுத்துட்டான். நல்லவேள, உங்க பேரு அடிபடல. செத்தாலும் நான் சொல்ல மாட்டேன். மாத்திரைய மட்டும் விட்டுராதிய அண்ணாச்சி."

"சரிப்பா" என்றேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் டைரியில் எழுதுகிறவன் நான். அந்த 'சரிப்பா' என்ற ஒரு சொல்லை எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது யாராவது என்னிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கினால், கேட்கக் கூசுகிறது.