இட்லிக் கொப்பரை என்று பேர் வாங்கிய கார்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காரில் ஏ.சி.யைப் போட்டதும் முதலில் வருவது குளிர் இல்லை, நனைந்த சாக்கின் வாடை. அதற்குப் பிறகுதான் முழங்காலில் ஜில்லென்று காற்று படும். திராட்சை நல்ல விலைக்குப் போன வருடம், ஏலக்காய் எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிவந்த பழைய கார் அது. கம்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அதற்கு முன் காருக்குள் குளிர் காற்றைக் கண்டதில்லை. அந்த வருடமே அக்காவுக்குக் கோம்பையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பேச்சோடு பேச்சாக அப்பா சபையில், “மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம ஏ.சி. காருதான் வரும்” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாரமே ஏ.சி. படுத்துக்கொண்டது.

தேனியில் மெக்கானிக், “கேஸ் போச்சுண்ணே, கேஸ் அடிச்சாச் சரியாயிரும்” என்றார். அடித்தார், குளிர்ந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா தெரிந்த முகத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தி, அவர்கள் கையை உள்ளே இழுத்துக் காற்றில் காட்டினார். சில நாளில் மறுபடி வெக்கை.

“ரோட்டுல போற வாற ஆளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனா என்ன ஆகும்? கண்ணு பட்டுப்போச்சு” என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் அதில் சந்தேகம் இல்லை. காரின் முன் கிரில்லில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் புதிதாக மாற்றினார். நூலில் கட்டினால் அறுந்துவிடும் என்று கார் வாங்கிய புதிதிலேயே, திராட்சைப் பந்தலுக்கு இழுக்கிற கம்பியில் ஒரு துண்டு வெட்டி, அதில் ‘திருஷ்டி’யைக் கோத்து, கிரில்லுக்குப் பின்னால் கைக்கு அகப்பட்ட ஒரு குழாயில் குறடால் முறுக்கிக் கட்டியிருந்தார். மறுபடி கேஸ் அடித்தார்கள், மறுபடி போனது. ஒவ்வொரு முறை போனபோதும் அப்பா பழத்தைப் பெரிதாக்கி, கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். மெக்கானிக் சோப்பு நுரையைத் தொட்டு எல்லா இடத்திலும் ஓட்டை தேடினார். எலுமிச்சம்பழம் கட்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டார். “அது சாமி காரியம்ணே, நான் கை வைக்க மாட்டேன்” என்றார்.

கல்யாணம் வீரபாண்டியில். முதல் நாள்தான் கேஸ் அடித்திருந்தது. கோம்பையில் மாப்பிள்ளையையும் அவருடைய சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிகளை இறுக்க ஏற்றிவிட்டு அப்பா ஓட்டினார். நான் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். உத்தமபாளையம் வரை குளிர்ந்தது. சின்னமனூர் தாண்டியதும் வெறும் சூட்டுக் காற்று.

“ஏன் சம்மந்தி, கண்ணாடியக் கொஞ்சம் இறக்குவமா?”

“இறக்காதீக, இறக்குனாக் குளுமை போயிரும். இந்தா, இப்ப வந்துரும்.”

வரவில்லை. மாப்பிள்ளை நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. மண்டப வாசலில் சித்தப்பா இறங்கி, துண்டைப் பிழிந்து காட்டி, “ஏ.சி.னு சொல்லி இட்லிக் கொப்பரையிலல்ல வச்சு அவிச்சுட்டீக, சம்மந்தி!” என்றார். மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று அவர் பந்தியில் உட்காரவில்லை.

கோம்பையில் அக்காவுக்கு ‘கொப்பரை வீட்டுப் பொண்ணு’ என்றே பேர் நின்றது. அவள் அவித்த இட்லி பூவாக வந்தாலும் அந்தப் பேச்சு, கல்லாகப் போனாலும் அந்தப் பேச்சு. அப்பா சாகும்வரை ஏ.சி. ஸ்விட்சைத் தொடவில்லை. பிறகு கார் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது.

இந்த வருடம் அக்கா வந்து, “தம்பி, அந்த ஏ.சி.யச் சரி பண்ணுடா. சின்ன மாமாவ ஒரு தடவை அதுல உக்கார வச்சுட்டா எனக்குப் போதும்” என்றாள். கணவனின் சித்தப்பாவைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

அன்று பிடித்த அலைச்சல். அந்தக் காலத்துக் கேஸே இப்போது வருவதில்லையாம். புதுக் கேஸுக்குக் கம்ப்ரசரை மாற்ற வேண்டும், ஹோஸை மாற்ற வேண்டும் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த சாமான் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பினால் அதே சாமானே மறுபடி வந்தது. தேனிக்கும் கம்பத்துக்கும் பஸ்ஸில் போய் வந்தே எனக்கு வெறுத்துவிட்டது. கடைசியில் ஒருநாள், அப்பா காலத்து ஆள் இல்லாத புது மெக்கானிக் கிரில்லைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். துருப்பிடித்த பந்தல் கம்பி அங்கேயே இருந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் உரசி உரசி, குழாயில் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை.

“யாருண்ணே இந்த வேலையப் பாத்தது?” என்றார்.

நான் குறடை வாங்கிக் கம்பியைக் கழற்றி டேஷ்போர்டில் போட்டேன்.

குழாயை மாற்றி, கேஸ் அடித்து, போன வாரம் காரைக் கோம்பைக்கு ஓட்டிப்போனேன். சின்ன மாமாவை அக்காவும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து உட்காரவைத்தோம்; கண்ணாடிகளை ஏற்றினேன். சாக்கு வாடைகூட இல்லாமல் சுத்தமாகக் குளிர்ந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார்.

“ஏத்தா, குளுருதே. கண்ணாடிய இறக்கச் சொல்லு.”

“இறக்காதீக மாமா, குளுமை போயிரும். இது எங்கப்பா காரு. இட்லிக் கொப்பரைன்னு சொன்னீகள்ல?”

“எந்தக் கொப்பரை?” என்றார் அவர்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன். வெக்கை உள்ளே வந்தது. கிழவர் நிம்மதியாகத் துண்டை எடுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

அந்தக் கேஸ் இல்லை, அப்பா இல்லை, கேலி செய்தவரிடம் அந்தக் கேலியும் இல்லை. கம்பித் துண்டு மட்டும் டேஷ்போர்டில் கிடக்கிறது. இன்று வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் அம்மனிடம் வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் என் கையில் இருக்கிறது. அதைக் காரில் எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கம்பம்,
சித்திரை, கடைசிச் செவ்வாய்க்கிழமை.